மூன்றாம் ஓலையும் ஆறு கிரேக்கச் சொற்களும்

ஐயர் ஓலையை வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றப் போனபோது நான் எழுந்து நின்றேன்.

வெளியே ரங்கூன் மழை. கோயிலின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் முதலில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பெண்கள் பக்கத்து மூன்றாவது வரிசையில், நனைந்த முந்தானையோடு, பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த அத்தை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"ஆட்சேபணை இருக்கு, ஐயா" என்றேன்.

கோயிலே திரும்பியது. ஐயர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"யாருக்கும்மா ஆட்சேபணை?"

"எனக்குத்தான்."

"நீ யாருக்கு வேண்டியவ? பொண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா?"

"நான்தான் பொண்ணு, ஐயா."

பாவம், அவருக்குக் கிட்டப்பார்வை. அதோடு, அந்த இடத்தில் மணப்பெண் எழுந்து நிற்பாள் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்? அவர் ஊழியத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பின்னும் நடக்கவில்லை என்று கேள்வி.

ஓலை என்றால்

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் ஏற்பாடாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் வாசிப்பார்கள். அதுதான் ஓலை வாசித்தல். ஐயர் என்று நான் சொல்வது எங்கள் குருவானவரை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த சபை எங்களுடையது. அங்கே குருவானவர் எந்தச் சாதியானாலும் ஐயர்தான்.

மூன்று வாரமும் கேள்வி கேட்கப்படும். மூன்று வாரமும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாம் ஓலை முடிந்துவிட்டால் பந்தல்காரன் வந்துவிடுவான். அதற்குப் பிறகு பெண் வாய் திறந்தால் அது வெறும் அழுகை என்றே கணக்காகும்.

ஓலை எழுதுவதற்கு முன் ஐயர் பெண் வீட்டுக்கு வந்து, பெண்ணின் வாயால் சம்மதம் கேட்கவேண்டும். சட்டம் அது. நடப்பு வேறு. பெண் திரைக்குப் பின்னால் நிற்பாள். ஐயர் கூடத்தில் உட்கார்ந்து, "மகளே, சம்மதமா?" என்பார். பெண்ணுக்கு வெட்கமாக இருக்கும் என்று அத்தையோ சித்தியோ கூட நின்று, குரலைச் சின்னதாக்கிக்கொண்டு, "சம்மதம், ஐயா" என்பாள். முப்பது வருஷம் குடித்தனம் செய்த குரல் அது என்று ஐயருக்கும் தெரியும். எழுதிக்கொள்வார். வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். காப்பி வரும்.

என் விஷயத்தில் ஒரே ஒரு பிழை நேர்ந்தது. அன்றைக்குத் திரைக்குப் பின்னால் அத்தை மட்டும்தான் இருந்தாள்.

நான் அப்போது க்யிம்யிண்டைங்கில், ஆற்றங்கரைச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. வியாழக்கிழமை வருவதாக இருந்த ஐயர், அன்றைக்கு ஊருக்கு வெளியே ஏதோ அடக்க ஆராதனை என்று புதன்கிழமையே வந்துவிட்டார். தண்டவாளத்தில் வெள்ளம் ஏறி டிராம் நின்றுபோனதால் நான் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தேன். வந்த ஐயரைத் திருப்பி அனுப்பலாமா என்று அத்தை, யாரும் இல்லாத அந்தத் திரைக்குப் பின்னால் நின்று குரலைச் சின்னதாக்கியிருக்கிறாள். அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. முதல் ஞாயிறு கோயிலில் என் பெயர் வாசிக்கப்பட்டபோதுதான் தெரிந்தது.

துணி காயும் கொடியில் கிரேக்கம்

"கிரேக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும், யாரிடம் படித்தீர்கள்?" என்று என் கதை ஒன்றைப் படித்துவிட்டுத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். யாரிடமும் படிக்கவில்லை, ஐயா. துணி காயப்போடும் கொடியில் படித்தேன்.

அண்ணன் தேவசகாயம் அப்போது எங்கள் சபையில் உபதேசியார், அதாவது ஐயருக்கு உதவியாள். குருப்பட்டம் வாங்கவேண்டுமென்றால் கிரேக்கத்தில் தேறவேண்டும். ஒரு தடவை தோற்றிருந்தான். அவனுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரத் துரைக்குப் பழைய கிரேக்கத் தத்துவக்காரர்கள் மேல் பைத்தியம். தேர்வுக்கு வேண்டாத சொற்களையும் சேர்த்து அவன் தலையில் கட்டிவிடுவார். அண்ணனுக்குக் குரல் உண்டு, பக்தி உண்டு, ஞாபகம்தான் கிடையாது.

அப்பா ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. பழைய பார்சல் லேபிள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். ஒரு முனையில் ஓட்டையும் அதில் நூலும் இருக்கும். அண்ணன் பின்பக்கத்தில் ஒரு கிரேக்கச் சொல்லை எழுதுவான். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேதான் துணி காயப்போடுவோம். மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில்பாதையை ஒட்டிய இரண்டு அறை வீடு. ஈர வேட்டிக்கும் என் பாவாடைக்கும் நடுவில் லேபிள்கள் வரிசையாகத் தொங்கும். ரயில் போகும்போது எல்லாம் சேர்ந்து ஆடும். நான் கரண்டிக் காம்பால் ஒன்றைத் தொடுவேன், அண்ணன் அர்த்தம் சொல்லவேண்டும்.

அவன் சொல்வதற்குள் எனக்குப் பாடமாகிவிடும். நான் கெட்டிக்காரி என்பதை எழுபது வயதில் ஒளித்து என்ன பயன்?

அந்த மாதம் கொடியில் தொங்கியவை ஆசை, விருப்பம், சித்தம் சம்பந்தப்பட்ட சொற்கள். அண்ணனுக்கு எல்லாம் குழம்பும். நான் ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டிலேயே ஆள் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

எபிதூமியா: உடம்போடு சேர்ந்து மனசு பொங்கி எழுகிற ஆசை. தெருமுனையில் மா சேன் விற்ற மொஹிங்கா மேல் அண்ணனுக்கு இருந்தது அதுதான். மீன்குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ் அது. அந்த வாசனை வந்தால் அவனுக்கு வேதமும் மறக்கும்.

தெலேமா: சித்தம். இன்னது நடக்கவேண்டும் என்று முடிவு கட்டுவது. ஆண்டவருக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் அது அத்தையிடம் இருந்தது.

பூலேசிஸ்: விருப்பம். ஆகாததையும் இதில் விரும்பலாம். ஒவ்வொரு வருஷமும் அப்பா, "மழ இல்லாத ஒரு ஆடி மாசம் ரங்கூன்ல வரணும்" என்பார்.

புரோஹைரேசிஸ்: இதுதான் அண்ணனைப் படுத்தியது. யோசித்துப் பார்த்து, ஒன்றை விட்டு இன்னொன்றைத் தானே எடுப்பது. கைக்கு எட்டுகிற காரியத்தில் மட்டும்தான் இது உண்டு. துரை இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். ஒருவர் நன்றாக இருக்கவேண்டும் என்று இன்னொருவர் விரும்பலாம், தப்பில்லை. ஆனால் அவருக்குப் பதிலாக எடுக்க முடியாது. அப்படி எடுத்தால் அது எடுத்தவருடையதுதான் என்றாராம்.

கடைசி இரண்டும் ஏக்கம். ஹீமெரோஸ், கண்ணுக்கு முன்னால் இருப்பவர் மேல் வருவது. போதோஸ், இல்லாதவர் மேல் வருவது. ஏக்கத்துக்கு இரண்டு சொல் வைத்திருந்த ஜனங்களுக்கு வேறு வேலை இல்லைபோலும் என்று அப்போது சிரித்தேன்.

இரண்டு ஞாயிறுகள்

முதல் ஓலை வாசித்த அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, பசி வரும். அடுக்களையில் நின்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

"நான் சம்மதம்னு எப்பச் சொன்னேன்?"

"ஏட்டி, நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? எனக்கு ஒங்க மாமா வீட்டுல இருந்து வந்து கேட்டப்ப எங்க பெரியம்மதான் சொன்னா. நான் கெட்டா போயிட்டேன்?"

அத்தை கெட்டவள் இல்லை. அம்மா போனபின் எங்களை வளர்த்தவள் அவள். நான் நன்றாக இருக்கவேண்டும் என்று ராத்திரியும் பகலும் விரும்பியவள். அந்த விருப்பத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை பெயர் ஜெபமணி. ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில், இப்போது தன்லியின் என்று எழுதுகிறார்களே அங்கே, எண்ணெய்க் கம்பெனியின் பம்ப் நிலையத்தில் வேலை. என் போட்டோ அவரிடம் போயிருந்தது. அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் நல்லவரா, குடிப்பாரா, நான் பள்ளிக்கூடம் போவதை விடச் சொல்வாரா, ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்குக் காரணம் இல்லை, வேண்டும் என்று சொல்லவும் இல்லை. ஆனால் நான் சம்மதித்துவிட்டதாக ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தது.

இரண்டாம் ஓலைக்குப் பிறகு அண்ணனைக் கேட்டேன். கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் லேபிள்கள்.

"நீ சாட்சி போட்டிருக்கியே. என் குரலக் கேட்டியா?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஞானம், கோவிச்சுக்காத. நீ மாட்டேன்னா சொல்லப் போறேன்னு நெனச்சேன். இப்ப வெளிய தெரிஞ்சா, பொய்ச் சாட்சி போட்டவனுக்குப் பட்டம் குடுப்பாங்களா?"

"உனக்குப் பட்டம் வேணும். எனக்கு என்ன வேணும்னு கேட்டியா?"

"கேக்கல" என்றான். அதை ஒளிக்கவில்லை. இன்றைக்கும் அவன் மேல் எனக்கு மரியாதை இருப்பது அந்த ஒரு வார்த்தையால்தான்.

அப்பாவிடம் போனேன். கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது என்றார். ஏதோ ரயில் புறப்பட்டுவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

சனிக்கிழமை காலை மா சேன் கடையில் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டேன். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, வாயில் சுருட்டோடு, எங்கள் தெருத் தமிழையெல்லாம் கற்றுவைத்திருந்தவள் மா சேன். பர்மாக்காரர்கள் பெண்களை 'மா' போட்டு அழைப்பார்கள். எனக்கும் ஒன்று வைத்திருந்தாள்.

"மா ஞானம், ஒனக்கு அந்த ஆள் வேணுமா, வேணாவா?"

"தெரியல, மா சேன்."

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. எங்க ஆளுங்கள்ல பொண்ணு தலய ஆட்டாம கல்யாணம் இல்ல. ஒங்க ஆளுங்களுக்குப் பொண்ணோட தலையே வேணாம் போல." இரண்டாவது கிண்ணத்துக்குக் காசு வாங்கமாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டாள்.

அண்ணனின் பட்டம் ஒரு பக்கம், என் சொல் ஒரு பக்கம். அன்று முழுவதும் யோசித்தேன். யோசித்துத்தான் எடுத்தேன். அதனால்தான் மறுநாள் எழுந்து நின்றேன்.

கோயிலுக்குத் திரும்புகிறேன்

"என்னம்மா ஆட்சேபணை? சொல்லு" என்றார் ஐயர்.

"பொண்ணைக் கேக்கல, ஐயா. நீங்க வந்தப்ப நான் வீட்டுலயே இல்ல."

பெண்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார். அப்போது ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நெடிய ஆள். வெள்ளைக் கோட்டு தோளில் இறுக்கமாக இருந்தது. மூன்றாம் ஓலையைக் கேட்க அக்கரையிலிருந்து படகில் வந்திருந்த மாப்பிள்ளை அவர்தான் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"ஐயா, அவங்க சொல்றது சரி" என்றார். "கேட்டுட்டு வாசிங்க. நான் காத்திருக்கேன்."

ஆராதனை முடிந்து ஐயரின் சின்ன அறையில் எல்லாரும் கூடினோம். ஐயர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து சாட்சிக் கையெழுத்தில் விரலை வைத்தார். அண்ணனைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கு வேலையும் இல்லாமல் போயிற்று.

"நான் பொய்யாப் போட்டேன், ஐயா. அவ இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்று அவனே முன்னால் வந்தான்.

ஐயர் பேனாவை எடுத்து மையில் தோய்த்தார். பிறகு அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். தேர்வுக்கு அண்ணன் பெயரை அந்த வருஷம் அனுப்பப்போவதில்லை என்றார். "நானும் திரையத் தொறந்து பாத்திருக்கணும்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்பக் கேக்கறேன் மகளே. சம்மதமா?"

"இப்பச் சொல்ல முடியாது, ஐயா. ஒரு வாரம் வேணும். அவர்கிட்டப் பேசணும்."

அத்தைக்கு மயக்கமே வந்துவிட்டது. அந்தச் சின்ன அறையில் நெருக்கிக்கொண்டு நின்றபோது மாப்பிள்ளையின் கோட்டிலிருந்து மண்ணெண்ணெய் வாசனை வந்தது. சோப்புப் போட்டுத் துவைத்த பிறகும் போகாத வாசனை. எனக்கு அது பிடித்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

படகுத்துறையில்

அடுத்த சனிக்கிழமை மாலை சிரியம் படகு வந்து நிற்கும் துறையில் பேசினோம். அப்பா இருபது அடி தள்ளி, குடையை விரித்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இவ்வளவு தூரம் அவர் இறங்கிவந்தது எனக்கு ஆச்சரியம். சம்பான் படகுக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று விஷயம் எழுதி வைத்திருந்தேன்.

"குடிப்பீங்களா?"

"போன கிறிஸ்துமஸ்க்குக் குடிச்சேன். தல வலிச்சுது."

"கோயில்ல எல்லார் முன்னாடியும் நான் எந்திரிச்சது ஒங்களுக்கு அவமானமா இல்லையா?"

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "முதல்ல முகம் சூடாயிருச்சு. இல்லேன்னு சொன்னா பொய்யாயிரும். அப்புறம் நெனச்சேன். ஒங்க போட்டோவப் பாத்த நாள்லேருந்து எனக்கு ஆசதான். ஆனா அது என்னோட ஆச. அத ஒங்க தலையில ஏத்திட்டு, ஒங்களோடதுன்னு எழுதிக்கிட்டா எப்படி?"

அந்த மனிதர் ஒரு கிரேக்கச் சொல்லும் அறியாதவர். துரையிடம் இரண்டு வருஷம் படித்த அண்ணனுக்கு வராதது அவருக்குப் பம்ப் நிலையத்தில் வந்திருந்தது.

"நான் பள்ளிக்கூட வேலைய விடமாட்டேன். தெனமும் ஆத்தத் தாண்டணும்."

"மொத போட் காலைல ஆறு மணிக்கு" என்றார். "நான் எழுப்பி விடறேன்."

மறுநாள் ஐயர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை வழக்கப்படி திரையைத் தொங்கவிட்டாள். நான் அதை ஒதுக்கிவிட்டுக் கூடத்தில் வந்து நின்றேன். "மகளே, சம்மதமா?" என்றார். "சம்மதம்" என்றேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி. அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்த மேடையிலும் எந்தப் பரிசிலும் நான் பார்த்ததில்லை.

ஓலை முதலிலிருந்து மூன்று ஞாயிறு வாசிக்கப்பட்டது. அண்ணன் ஒரு வருஷம் பொறுத்துத் தேர்வு எழுதித் தேறினான். அந்த வருஷம் முழுவதும் நான் சிரியத்திலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து கரண்டிக் காம்பால் லேபிளைத் தொட்டேன். புரோஹைரேசிஸில் அவன் பிறகு தடுமாறியதே இல்லை.

வருஷா வருஷம்

இவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆடி மாதத்தில் நான் சம்மதம் சொன்ன அந்த ஞாயிறு வந்தால், காலையில் அடுக்களை வாசலில் வந்து நிற்பார். "ஞானம், இந்த வருஷமும் சம்மதமா?" என்பார். விளையாட்டுப்போலத்தான் இருக்கும். ஆனால் நான் பதில் சொல்லும்வரை நகரமாட்டார். ஒரு வருஷம் பெரிய சண்டை, நான் மத்தியானம் வரை யோசித்தேன். அதுவரை சாப்பிட வரவில்லை.

அந்த ஆறு லேபிள்களையும் அண்ணன் எங்களுக்கே கொடுத்துவிட்டான். கடைசி இரண்டைக் காட்டி, "ஏக்கத்துக்கு எதுக்கு ரெண்டு சொல்லு?" என்று இவர் கேட்டார். ஒன்று போதும், இன்னொன்று வீண் செலவு என்றேன். அப்போது இவர் என் முன்னால் உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டிருந்தார்.

ரங்கூனை விட்டுக் கப்பலேறி மதராசுக்கு வந்த பிறகும் அந்த ஞாயிறு தவறவில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகிச் சிரித்தார்கள், அப்போதும் தவறவில்லை. போன வருஷம் படுக்கையில் இருந்தபடியே கேட்டார். குரல் சரியாக வரவில்லை. நான் குனிந்து காதில் சொன்னேன். ஐப்பசியில் போய்விட்டார்.

இந்த வருஷமும் ஆடி வந்தது. அப்பா விரும்பிய மழையில்லாத ஆடி இங்கே பெரம்பூரில் வருஷா வருஷம் கிடைக்கிறது. அந்த ஞாயிறு காலையில் மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் டின்னோடு நின்றேன். கடைக்காரன் பீப்பாயிலிருந்து ஊற்ற ஆரம்பித்தான். வாசனை வந்தது. ஐயரின் அறையில் நின்ற அந்த நெடிய ஆளின் கோட்டு வாசனை. ஏக்கத்துக்கு இரண்டாவது சொல் எதற்கு என்று எனக்கு அப்போது தெரிந்தது.

என்னைக் கேட்காமல் எதையும் என் பெயரில் எழுதக்கூடாது என்று ஒரு கோயிலையே நிறுத்தியவள் நான். இந்த ஞாயிறு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை.

"சம்மதம்" என்றேன், சத்தமாக. முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். நான் டின்னை நீட்டினேன்.